பாலவிளை அண்டியாபீஸில் விழுந்த கற்கள்

பாலவிளையின் முந்திரி ஆலையான அண்டியாபீஸில், தல்லுகிற கூடத்தின் மூன்றாவது வரிசையில், பதினெட்டு வருஷமாக ஒரே பலகையில் உட்கார்ந்து வறுத்த முந்திரியை மரச் சுத்தியலால் தட்டி ஓடு வேறு பருப்பு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்த செல்லக்கனி, ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் பக்கத்தில் இருந்தவளிடம், "மரச்சீனிக் கிழங்கைத் துண்டு போட்டு அடுப்புல வச்சிட்டு வந்தேன்" என்று சொன்னபோது, அவள் உதட்டிலிருந்து புன்னைக்காய் அளவில் ஒரு கல் உருண்டு பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. செல்லக்கனி அதை எடுத்துப் பார்த்தாள். பல் ஏதும் விழுந்துவிட்டதோ என்று நாக்கால் வாய்க்குள் ஒரு சுற்றுத் துழாவினாள். எல்லாப் பல்லும் இருந்தது. கல்லைப் பின்பக்கம் வீசிவிட்டு அடுத்த அண்டியை எடுத்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு மணி அடிப்பதற்குள் கூடத்தில் எழுபது எண்பது கல் விழுந்திருந்தது. ஒருத்தியும் அலறவில்லை. அண்டியாபீஸ் பெண்கள் எதற்கும் அலறுவது கிடையாது. ஓட்டிலிருந்து பால் தெறித்துக் கண்ணிமை வெந்தாலும் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு அதே பலகையில் உட்காருகிறவர்கள், விரலைச் சாம்பலில் முக்கி முக்கி வேலை செய்தும் விரல் கறுத்து, தோல் உரிந்து, உரிந்த தோல் மறுபடி வளரும்போது கடவுள் போட்ட ரேகை மட்டும் வளராமல் போனவர்கள். வாயிலிருந்து கல் விழுவது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. பருப்போடு கல் கலந்தால் மேஸ்திரி ஏசுவானே என்பதுதான் கவலை.

எதைச் சொன்னால் கல் விழுகிறது என்று கண்டுபிடித்தவள் தங்கபாய். வயது ஐம்பத்தெட்டு. அண்டியாபீஸ் சங்கத்தின் கிளைச் செயலாளர். பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள், சங்கம் ஒட்டுகிற நோட்டீஸ்களைச் சுவரில் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றாள். மற்றப் பிள்ளைகள் அம்மா, ஆடு என்று தொடங்கினால் தங்கபாய் தொடங்கியது 'கோரிக்கை' என்ற சொல்லில். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பேனாவைப் பிடிக்கிற போதெல்லாம் அவள் தோள் அரை அங்குலம் உயர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாரும் ஒரே வாக்கைத்தான் சொல்லுதிய பிள்ளேய்," என்றாள் தங்கபாய். "போடுதது, போட்டது, போடப்போறது. அதைச் சொன்னா விழுது, சொல்லாட்டா விழல." சொல்லி முடித்தபோது அவள் மடியில் மூன்று கல் கிடந்தது.

"அப்போ அதைச் சொல்லாம இருந்தாப் போராதா எக்கா?" என்றாள் ஒருத்தி.

"நீ இருந்து பாரு," என்றாள் செல்லக்கனி. "கடையில போயி ஒரு சாயா குடிக்கணும்னாலும் அவன்கிட்ட நீ என்னத்தச் சொல்லுவா? காலைப் பிடிச்சுக் கும்பிடுவியா?"

அப்படித்தான் ஆயிற்று. பாலவிளை எல்லைக்குள் அந்த ஒரு சொல் கல்லாக விழுந்தது, எல்லை தாண்டினால் காற்றாகப் போயிற்று, அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்க ஊரில் யாராலும் முடியவில்லை. சட்டை போடவும் செருப்பு போடவும் தாழ்ப்பாள் போடவும் அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு கல் போல இன்னொரு கல் இல்லை. "சோறு போடுதேன் வா" என்று தாய் கூப்பிட்டால் விழுகிற கல் வெதுவெதுப்பாக இருந்தது, மழைக்காலத்தில் பிள்ளைகள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் "ஊசி போடணும்" என்றால் முள்போல மெலிந்து ஒன்று விழுந்தது, அவள் அவற்றை ஒரு சீசாவில் சேர்த்து ஜன்னலில் வைத்தாள். ஆடு குட்டி போட்ட சேதியைச் சொன்னால் விழுகிற கல் துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது. சண்டை போட்டவர்கள் கல்லுக்கு ஓரம் கூர்மையாக இருந்தது. பழி போட்டவன் கல் பல்லில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் கசந்தது. பஸ் நிறுத்தத்தில் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிற பெண்ணையும் பையனையும் காட்டி, "கடலை போடுதுவ பாரு" என்று சொன்ன கிழவன்மார் காலடியில் பொடிப்பொடியாக விழுந்தது, அதைக் கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போயின. செல்லக்கனியின் அண்ணன் மகன் ஆற்றில் போய்ப் பிணமாக வந்தபோது, எல்லாம் முடிந்து திரும்பி வந்தவர்கள் வாசலில் நின்று, "மண்ணு போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார்கள்; அன்று விழுந்த கல்லை யாரும் நகர்த்தவில்லை, அது வாசலிலேயே இருந்தது, வீட்டுக்காரர்கள் அதைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டார்கள்.

தேர்தல் வந்தது. வேட்பாளர் ஜீப்பில் நின்று, "குளத்தங்கரைக்கு ரோடு போட்டுத் தருவேன்" என்று கைகூப்பியபோது வாயிலிருந்து விழுந்தது தலையளவு கல். ஆனால் தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருந்தது, குளத்தில் எறிந்தால் மிதந்தது, இப்போதும் அந்தக் குளத்தில் அப்படி நாற்பது ஐம்பது கல் தாமரையிலைகளுக்கு நடுவே மிதக்கிறது. அதிலிருந்துதான் ஊரில் ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. பாரமான கல் மெய்யான பேச்சு, பொள்ளையான கல் பொய்ப் பேச்சு. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டாரிடம், "நகை போடுவியளா, வாயைத் திறந்து சொல்லும்" என்று கேட்டு, விழுந்த கல்லைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். பாதிரியார் பிரசங்கத்தில், கல்லைக் கும்பிடுவது பாவம் என்றார். சொல்லிவிட்டு, மறுவாரம் கோயிலுக்கு மதில் போட வேண்டும் என்று அறிவித்தார், அந்தக் கல் நல்ல கனமாக இருந்தது, மதிலுக்கு அதையே அஸ்திவாரமாக வைத்தார்கள்.

பணக்கார வீடுகளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு 'இடு' என்றும் 'வை' என்றும் சொல்லப் பழக்கினார்கள், பல்லும் உதடும் பத்திரமாக இருந்தன. வேலை ஏவுகிறவர்களுக்கு அதிகம் வினைச்சொல் தேவைப்படுவதில்லை, விரலை நீட்டினால் போதும். அண்டியாபீஸின் ஸ்டான்லி முதலாளி வாயிலிருந்து ஒரு கல் விழுந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தங்கபாய் இந்தக் கல் சாஸ்திரத்தை நம்பவில்லை. கல்லுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். தாளில் எழுதாத பேச்சு தண்ணீரில் எழுதிய பேச்சு என்று முப்பது வருஷமாக மேடையில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, "கோஷம் போடுங்க" என்று குரல் கொடுத்தால் விழுகிற கல், முஷ்டியளவு, நடுவில் ஒரு சிவப்பு ரேகை ஓட, ஊரில் எந்த ஆம்பிளை போட்ட கல்லையும் விடக் கனமாக இருந்தது. செல்லக்கனி அதை இரண்டு கையாலும் தூக்கி, "எக்கா கல்லு பாரு, கருவாட்டுக் கடைப் படிக்கல்லுக்கு மேல இருக்கு" என்று வரிசை வரிசையாகக் காட்டியபோது, தங்கபாய் "வை பிள்ளே அங்கே" என்று அதட்டினாளே தவிர, அந்தக் கல்லை வெளியே எறிய விடவில்லை. சங்கக் கொட்டகையின் மூலையில் அப்படிப் பதினோரு கல் இருந்தது.

கூடத்தில் பேச்சுதான் எல்லாம். வறுத்த அண்டியின் புகையில், பத்து மணி நேரம் குனிந்த முதுகோடு இருக்கிறவர்களைப் பேச்சுதான் உட்கார வைத்திருந்தது. கல் விழத் தொடங்கிய பிறகும் அவர்கள் பேசினார்கள், குனிந்து கல்லைப் பொறுக்கினார்கள், மறுபடி பேசினார்கள். அப்போது கடல் கடந்து போன டின் ஒன்று திரும்பி வந்தது. முழுப் பருப்பு, வெள்ளைப் பருப்பு, முதல் தரம். அதற்கு நடுவே அதே நிறத்தில், அதே வளைவில் ஒரு கல். யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குக் கண்மை போட்டுவிட்ட கதையைச் சொன்னபோது விழுந்த கல்லாக இருக்கும், அவ்வளவு அழகாக இருந்தது. அதைக் கடித்து எங்கோ ஒரு சீமாட்டியின் பல் போயிற்றாம்.

மறுநாள் மேஸ்திரி ஒரு கட்டு துணியோடு வந்தான். எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும், காலை மணியிலிருந்து மாலை மணி வரை அவிழ்க்கக் கூடாது. துணியை ஒருத்தி வாங்கினாள், இரண்டாமவள் வாங்கினாள், மூன்றாவதாக நின்றது தங்கபாய். அவள் துணியை வாங்கி, உதறி, அதில் தன் சாம்பல் கையைத் துடைத்துவிட்டு மேஸ்திரியின் தோளில் மாட்டினாள்.

"மாட்டுக்குத்தான் வாக்கூடு கட்டுவாவ," என்றாள். "அதுவும் அடுத்தவன் வயலுல மேயாம இருக்க."

அன்று தொடங்கியது வேலைநிறுத்தம். பத்தாம் நாள், முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு இயந்திரங்களை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டு போகப்போகிறார் என்று பேச்சு வந்தது. அண்டியாபீஸ் போனால் பாலவிளையில் பெண்களுக்கு வேறு வேலை இல்லை. ரப்பர்த் தோட்டம் ஆம்பிளைகளுக்கு, கடல் ஆம்பிளைகளுக்கு, துபாய் ஆம்பிளைகளுக்கு. அதனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆலை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், ஒரு லாரியும் உள்ளே போக முடியவில்லை. கஞ்சி அங்கேயே கொதித்தது, பிள்ளைகள் அங்கேயே தூங்கினார்கள், கோஷம் போடச் சொல்லுகிற ஒவ்வொரு குரலுக்கும் கல் விழுந்து வாசலில் முழங்காலளவு மேடாயிற்று, அதன்மேல் தங்கபாய் ஏறி நின்று பேசினாள். வேலைநிறுத்தம் நடந்த இருபத்து மூன்று நாளும் தன் வாழ்நாளில் தான் நிமிர்ந்து நின்ற நாட்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். தோல் பையில் தாள் கொண்டுவந்திருந்தார். வாய்த்துணி கிடையாது, ஆலையை மூடக் கூடாது, இயந்திரத்தை வெளியே கொண்டு போகக் கூடாது: மூன்றும் எழுதியிருந்தது. தங்கபாய் தாளை வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தாள், நோட்டீஸ் எழுத்தை விடச் சின்ன எழுத்து, ஆனாலும் வாசித்தாள், சரி என்றாள். ஸ்டான்லி முதலாளியும் வெளியே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வாயைத் திறக்காத முகம். முதலில் தொழிலாளிகள், பிறகு முதலாளி என்றார் ஆபீசர், மைப்பெட்டியைத் திறந்தார்.

தங்கபாய் கையெழுத்துப் போட்டாள். அடுத்துச் செல்லக்கனி பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். ஆபீசர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, இதுல ரேகையே இல்லையே. வெறும் மையாத்தான் இருக்கு."

இன்னொருத்தி வைத்தாள். அதுவும் ஒரு கறுத்த வட்டம். பத்துப் பேர், இருபது பேர், எல்லாம் ஒரே வட்டம். தாள் முழுக்க யாரோ கருப்புப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"இது செல்லாது," என்றார் ஆபீசர். ஏளனம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நாளைக்கு ஒருத்தர் வந்து இது அவங்க கைநாட்டே இல்லைன்னா நான் என்ன பதில் சொல்றது? இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்கன்னே இந்தத் தாள்ல இல்லையே."

"எங்க ரேகை எல்லாம் ஆபீசுக்குள்ளதான் இருக்கு சாறே," என்றாள் செல்லக்கனி. "பருப்பு உலத்துத போர்மா ரூமுக்குப் பின்னால ஓட்டுக் குவியல்ல தேடினாக் கிடைக்கும்."

செல்லக்கனி மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே தங்கபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"எக்கா, ரேகைதானே இல்ல. கல்லு உண்டும்லா."

சொல்லிவிட்டு அவள் முதலாளியின் முன்னால் போய் நின்று, கையெழுத்துக்குப் பதிலாக, "செல்லக்கனி ஒப்புப் போடுதேன்" என்றாள். ஒரு கல் விழுந்தது. நீலம் கலந்த சாம்பல், ஒரு பக்கம் வழுவழுப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. பின்னால் நின்றவள் வந்தாள், தன் பெயரைச் சொன்னாள், போட்டாள். கல் விழ விழப் பெண்கள் எழுந்து வந்தார்கள், கர்ப்பிணி வந்தாள், வறுக்கிற கொட்டகையில் ஒரு கண்ணை இழந்தவள் வந்தாள், ஊமை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தி வந்து, வாயை அசைத்து, சத்தமில்லாமல் ஒரு கல்லைப் போட்டாள். ஒருத்தி கல் போல இன்னொருத்தி கல் இல்லை. நாற்பது வருஷமாக எந்தத் தாளிலும் இல்லாதிருந்தவர்கள், வெயிலில், வரிசையாக, இருநூற்றுப் பதினோரு பேராகத் தரையில் கிடந்தார்கள். தங்கபாய் தன் கையெழுத்தைப் பெருமையாக நினைத்திருந்ததற்கு முதல் தடவையாக வெட்கப்பட்டு, கடைசியாகப் போய்த் தன் கல்லையும் போட்டாள்.

அப்போது ஸ்டான்லி முதலாளி வாயைத் திறந்தார்.

"நீங்கெல்லாம் எனக்குப் பிள்ளைகளாக்கும்," என்றார். "துணி வேண்டாம். நான் உயிரோட இருக்க வரைக்கும் இந்த ஆபீசுக்குப் பூட்டுப் போட மாட்டேன்."

விழுந்த கல்லின் அதிர்ச்சியில் பக்கத்தில் நின்றவர்கள் பாதம் கூசியது. ஆட்டுக்கல் அளவு, கறுப்பு, எண்ணெய் தேய்த்தது போல மினுமினுப்பு. இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. நாலு பேர் பிடித்தார்கள், ஒரு விரற்கடை உயர்ந்து மறுபடி உட்கார்ந்தது. பாலவிளையில் அதுவரை யார் வாயிலிருந்தும் அப்படி ஒரு கல் விழுந்ததில்லை. ஒருத்தி முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆபீசர் தாளை எடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. உங்க கைநாட்டு செல்லாட்டியும் பரவாயில்லை, சார்கிட்ட இதுல ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க. அது எங்கேயும் செல்லும்."

முதலாளி பேனாவுக்காகக் கையை நீட்டக்கூடச் செய்தார். அதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருநூற்றுப் பதினோரு பேரும் தங்கபாயைப் பார்த்தார்கள். அவள் தரையில் கிடந்த கற்களைப் பார்த்தாள், கருப்புப் பொட்டு வைத்த தாளைப் பார்த்தாள். முப்பது வருஷம் தாள் தாள் என்று சொன்ன வாய்.

"எங்க ரேகை ஆகாத தாளுல அவரு ஒப்பும் வேண்டாம்," என்றாள். "நாங்க கல்லு தந்தோம், அவரும் கல்லு தந்தாரு. தீந்து போச்சு."

"இதை நான் எந்த ஃபைல்லம்மா வைப்பேன்?"

"உங்க ஃபைல் சின்னதா இருந்தா அது எங்க குறை இல்ல."

பெண்கள் கைதட்டினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது, பாய் சுருட்டப்பட்டது. ஒன்பது பேர் மூங்கில் கட்டி முதலாளியின் கல்லைச் சங்கக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், முன்னால் செண்டை அடித்தார்கள், கல்லுக்கு அரளி மாலை போட்டார்கள். தங்கபாயின் பதினோரு கல்லையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் அதை வைத்து, சுற்றி இருநூற்றுப் பன்னிரண்டு கல்லையும் அடுக்கினார்கள். அது நவம்பர் மாதம்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். முதலாளி வழக்கத்தை விடப் பெரிய கேக்காகக் கொடுத்தார். இருபத்தைந்தாம் தேதி காலை ஊர் முழுவதும் கோயிலில் புதுச்சேலை சரசரக்க நின்று பாடிக்கொண்டிருந்தபோது பதினான்கு லாரி வந்தது. வாட்ச்மேன் ரசாலம் கேட்டைத் திறந்து விட்டான். வறுக்கிற டிரம், கொதிகலன், போர்மா அறையின் இரும்புத் தட்டுகள், தராசுகள், கடைசியில் பெண்கள் உட்காருகிற பலகைகள்கூட ஏறின. மறுநாள் தற்செயலாக அந்தப் பக்கம் ஆடு தேடிப் போன செல்லக்கனிதான் முதலில் பார்த்தாள். கேட் விரியத் திறந்து கிடந்தது. அவள் ஆடு தல்லுகிற கூடத்துக்கு நடுவில் நின்று சாம்பலை முகர்ந்துகொண்டிருந்தது.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பலகை இருந்த இடத்துக்குப் போய் நின்றாள். தரையில் பலகையின் தடம் வெளுத்துத் தெரிந்தது. தங்கபாய் ரசாலத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"எக்கா, நான் என்ன செய்ய?" என்றான் ரசாலம். "பூட்டு மட்டும் போடப்பிடாதுன்னு சொன்னாரு. சாவியைக்கூடக் கையில இருந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்டேன்னு சொன்னாரு."

தங்கபாய் அவன் சட்டையை விட்டாள்.

பெண்கள் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஏசியிருந்தால், தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால், அவளுக்கு நிற்க ஒரு தரை கிடைத்திருக்கும். ஒவ்வொருத்தியாகச் சங்கக் கொட்டகைக்கு வந்தார்கள், குனிந்து, இருநூற்றுப் பன்னிரண்டில் தன்னுடைய கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் தவறி அடுத்தவள் கல்லை எடுக்கவில்லை. செல்லக்கனி தன் கல்லை ஊறுகாய்ப் பானையின் மூடிக்குப் பாரமாக வைத்தாள். "எக்கா, நீ நல்லதுக்குத்தான் சொன்னா" என்று அவள் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது.

தொழிலாளர் துறையில் ஆபீசர் மாறியிருந்தார். புதியவர் ஃபைலைப் புரட்டி, கருப்புப் பொட்டுகளையும் ஒரே ஒரு கையெழுத்தையும் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது, கல்லைப் பழகிக்கொண்டதை விடச் சீக்கிரமாக. சாயாக்கடையில் பேசிக்கொண்டார்கள்: என்ன இருந்தாலும் ஸ்டான்லி முதலாளி வாக்கு மாறல பாத்தியளா, ஆபீசுக்கு இன்னைக்கு வரைக்கும் பூட்டு இல்ல. அதனாலதான் கல்லு அவ்வளவு பாரமா இருந்தது. பாதிரியார்கூட, சொன்ன சொல்லைக் காப்பது பற்றிய ஒரு பிரசங்கத்தில், பெயரைச் சொல்லாமல் அவரைக் குறிப்பிட்டார். பிள்ளைகள் திறந்து கிடந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடினார்கள். தங்கபாய் சாயாக்கடை வழியாகப் போகாமல் குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினாள். வேலை போனதைத் தாங்கிக்கொண்டாள். ஏமாந்ததையும் பல்லைக் கடித்துத் தாங்கினாள். ஆனால் தன்னை ஏமாற்றியவன் சொல் தவறாதவன் என்று ஊர் சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, சந்தை கூடுகிற நேரத்தில், அவள் இரும்புக் கடைக்குப் போய் ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கினாள். கடைக்காரர் எந்த வீட்டுக்கு என்று கேட்டார். அவள் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடுவே நடந்தாள், கூட்டம் பின்னால் வந்தது, செல்லக்கனி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"எக்கா, இது என்னத்துக்கு?"

"அவன் வாக்கு உடையணும் பிள்ளே. இந்த ஆபீசுக்குப் பூட்டு விழுந்தா அவன் சொன்னது பொய்யாவும். பொய்யானா அந்தக் கல்லு பிளக்கும். பிளக்காட்டியும், அவன் வாக்கு நின்னுதுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்லா."

"அவரு போடலியே எக்கா. நீல்லா போடுதா."

தங்கபாய் அதைக் காதில் வாங்கவில்லை. ஊஞ்சலாடின பிள்ளைகளை இறக்கிவிட்டாள், இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்தாள், துருப்பிடித்த கொண்டியில் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியைக் கிணற்றில் எறிந்தாள். திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, மேடையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பூட்டுப் போட்டாச்சு."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தங்கபாயும் பார்த்தாள். ஒரு மணல்கூட விழவில்லை.

அவள் மறுபடி சொன்னாள். உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற செல்லக்கனி பயந்துபோய், "போடு, போட்டேன், போடுதேன்" என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். சந்தையில் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தச் சொல் ஊரெல்லாம் காற்றாகப் போயிற்று. சங்கக் கொட்டகைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலாளியின் கல் அப்படியே இருப்பதாகச் சொன்னார்கள், அரளி மாலை மட்டும் காய்ந்திருந்தது.

மறுநாள் போலீஸ் வந்தது. அடுத்தவர் சொத்தை அத்துமீறிப் பூட்டியதாக முதலாளியின் வக்கீல் கேஸ் போட்டிருந்தார். ஸ்டேஷனில் எழுத்தர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, "கைநாட்டு வைக்கிறியாம்மா?" என்று கேட்டபோது தங்கபாய் பேனாவை வாங்கினாள். தோள் அரை அங்குலம் உயர்ந்தது. பாலவிளை முந்திரி ஆலையின் கதவை இழுத்து மூடிப் பூட்டியவள் நான் என்று எழுதியிருந்ததற்குக் கீழே, புள்ளி விடாமல், தெளிவாகத் தன் பெயரை எழுதினாள்.

தொழிலாளர் துறையின் ஃபைல் அதற்குப் பிறகுதான் முடிந்தது. ஆலை மூடப்பட்டதற்குக் காரணம் என்ற கட்டத்தில், சங்கத்தின் கிளைச் செயலாளரே ஆலையைப் பூட்டிவிட்டார், கையெழுத்துடன் கூடிய ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கிறது. அண்டியாபீஸைப் பற்றி அரசாங்கத்தில் செல்லுபடியாகிற தாள் அது ஒன்றுதான்.

இப்போது பாலவிளைப் பெண்களில் எண்பது தொண்ணூறு பேர் விடியற்காலை பஸ் ஏறி எல்லைக்கு அந்தப் பக்கம் அண்டி தல்லப் போகிறார்கள். அங்கே யார் முதலாளி என்று கேட்பதில்லை. சங்கக் கொட்டகை சரிந்த பிறகு பஞ்சாயத்துக்காரர்கள் புல்டோசர் வைத்து அந்தக் கறுத்த கல்லைப் பஸ் நிறுத்தத்துக்கு நகர்த்திவிட்டார்கள். பஸ் வரும்வரை அதில் இரண்டு மூன்று பேர் உட்காரலாம், உட்கார்ந்து உட்கார்ந்து இன்னும் வழுவழுப்பாகியிருக்கிறது. தங்கபாய்க்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஆனாலும் அவள் அதில் உட்காருவதில்லை. ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. செல்லக்கனி எப்படியோ முன்னால் ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எக்கா, துண்டு போட்டிருக்கேன். மெள்ள ஏறி வா."

தங்கபாய் ஜன்னலுக்குக் கீழே தரையைப் பார்த்தாள். பழக்கம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினாள்.